கொடுத்த வாக்கும் கழற்றாத சீருடையும்

 

"இந்த நாட்டுக்கெல்லாம் இராணுவ ஆட்சிதான் சரி!" இந்தப் பேச்சை நீங்கள் கேட்காமல் இருந்திருக்க முடியாது. டீக்கடையில் கேட்டிருப்பீர்கள், இரயில் பெட்டியில் கேட்டிருப்பீர்கள், ஏன், நீங்களே கூடச் சொல்லியிருப்பீர்கள். லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் மேஜைக்கு மேஜை கை நீட்டுவதைப் பார்த்து வெறுத்துப் போன வியாபாரியும் இதைத்தான் சொல்கிறார். பட்டம் வாங்கிவிட்டு வேலைக்காக அலையும் இளைஞரும் இதைத்தான் சொல்கிறார். நம் சமுதாய இளைஞர்களிடம் இதோடு சேர்ந்து இன்னோர் ஏக்கமும் உண்டு. உமர் (ரலி) அவர்களைப் போல் கையில் சாட்டையோடு ஒருவர் வரமாட்டாரா என்ற ஏக்கம்! அந்த உமர் (ரலி) அவர்களைச் சாதாரணக் குடிமகன் ஒருவர் எழுந்து நின்று கேள்வி கேட்க முடிந்தது என்பதை மட்டும் வசதியாக மறந்து விடுகிறோம்.

சாட்டையோடு வந்த ஒருவரின் கதையை இந்த இதழில் உங்களுக்குச் சொல்கிறோம். அவர் நம் அண்டை நாட்டில் வந்தார். வரும்போது மக்கள் இனிப்பு வழங்கி வரவேற்றார்கள். அவர் பெயர் பர்வேஸ் முஷரப்.

பாகிஸ்தானின் வரவு செலவுக்கு இந்திய முஸ்லிம்களாகிய நாம் பொறுப்பாளிகள் அல்லர். அங்கே எது நடந்தாலும் இங்கே நம்மைப் பார்த்துக் கணக்குக் கேட்பவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. அது வேறு விஷயம். பக்கத்துக் கடை ஏன் மூடப்பட்டது என்று தெரிந்து வைத்திருப்பது நல்ல வியாபாரிக்கு அழகு. அந்த அளவில்தான் இதை எழுதுகிறோம்.

மௌத்தானவரைப் பற்றிக் குறை பேசலாமா என்று சில சகோதரர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அவருடைய தொழுகை, நோன்பு, குடும்பம், பழக்க வழக்கம் எதற்குள்ளும் நாம் நுழையவில்லை. அந்தக் கணக்கு அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது. ஆனால் கோடிக்கணக்கான மக்களின் தலையெழுத்தை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கையில் வைத்திருந்த ஒருவரின் பொதுக் காரியங்களைப் பேசாமல் விட்டால் வரலாறு என்று ஒன்றே இருக்காது.

முஷரப் பிறந்தது நம் டில்லியில்தான். தரியாகஞ்ச் பகுதியில் உள்ள நஹர்வாலி ஹவேலியில் 1943 ஆகஸ்ட் 11இல் பிறந்தார். பிரிவினையின்போது நான்கு வயதுக் குழந்தை. குடும்பம் கராச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. தந்தைக்கு வெளியுறவுத் துறையில் உத்தியோகம். அதனால் சிறுவயதில் சில ஆண்டுகள் துருக்கித் தலைநகர் அங்காராவில் கழிந்தன. முஸ்தபா கமால் மீது அவருக்கு ஏற்பட்ட பற்று அங்கிருந்து வந்ததுதான். 1961இல் காகுல் இராணுவப் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தார். 1964இல் பீரங்கிப் படை அதிகாரி ஆனார். 1965 போரில் களம் கண்டார். பிறகு கமாண்டோ படைக்குப் போனார். துணிச்சல்காரர் என்று பெயர் எடுத்தார். இதில் எதையும் நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பாகிஸ்தானின் 1973ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் இராணுவத்தார் எடுத்துக்கொள்ள வேண்டிய உறுதிமொழி ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. அரசியல் சட்டத்தைக் காப்பேன், எந்தவிதமான அரசியல் நடவடிக்கையிலும் ஈடுபட மாட்டேன் என்பது அதன் சாரம். இறைவன் பெயரால் எடுக்கப்படும் உறுதிமொழி இது. அதே அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவு, பலத்தைக் கொண்டு அரசியல் சட்டத்தைக் கவிழ்ப்பவர் தேசத் துரோகி என்கிறது. அயூப்கானும் யஹ்யாகானும் நாட்டைப் படுத்திய பாட்டை அனுபவித்த பிறகு, கிழக்குப் பாகிஸ்தானையே இழந்த பிறகு, இனி எந்தத் தளபதியும் அரியணை ஏறக்கூடாது என்று எழுதி வைத்த பிரிவு அது. எழுதி நான்கே ஆண்டுகளில், 1977இல், ஜியாவுல் ஹக் அதை மிதித்தார். தொண்ணூறு நாளில் தேர்தல் என்று சொல்லி வந்தவர், 1988இல் விமானம் வெடித்துச் சாகும் வரை பதினொரு ஆண்டுகள் ஆண்டார்.

ஜியாவைத் தளபதி ஆக்கியவர் யார்? பூட்டோ. மூத்தவர்கள் பலரைத் தாண்டி, இவர் அடக்கமானவர், நமக்கு அடங்கியிருப்பார் என்று நம்பித் தேர்ந்தெடுத்தார். அந்தத் தளபதியின் ஆட்சியில்தான் தூக்குமேடை ஏறினார். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்த நவாஸ் ஷெரீப் என்ன செய்தார்? 1998 அக்டோபரில் அதே தவறை அப்படியே செய்தார்! தமக்கு மேல் இருந்த மூத்த தளபதிகளைத் தாண்டி முஷரப் இராணுவத் தலைமைத் தளபதி ஆனார். முஹாஜிர் குடும்பத்தில் பிறந்தவர், பஞ்சாப் படைவட்டாரத்தில் சொந்தச் செல்வாக்கு இருக்காது, சொன்னதைக் கேட்பார் என்பது அன்று பேசப்பட்ட கணக்கு. ஆட்சியாளர்கள் கணக்குப் போடுவதில் நம் சின்னக் கடை முதலாளிகளை விட மோசம் போலிருக்கிறது.

பதவிக்கு வந்து ஓராண்டு ஆவதற்குள் கார்கில் வந்தது. 1999 மே மாதம் தொடங்கி ஜூலை வரை நடந்த அந்தச் சண்டையில் நம் நாட்டு வீரர்கள் 500 பேருக்கு மேல் உயிர் கொடுத்தார்கள். நம் திருச்சி மேஜர் சரவணன் பட்டாலிக்கில் விழுந்தார். கேப்டன் ஹனீபுத்தீன் துர்துக்கில் விழுந்தார். இருவரும் வீர் சக்ரா பெற்றவர்கள். எதிர்த்தரப்பில் மடிந்தவர்களின் கதை இன்னும் வேதனையானது. அவர்கள் எங்கள் சிப்பாய்களே அல்லர், முஜாஹித்கள் என்று முதலில் பாகிஸ்தான் கைகழுவியது. அதனால் பல உடல்களைப் பெற்றுக்கொள்ள ஆளில்லாமல் போனது. அந்தச் சிப்பாய்களுக்கு மலையுச்சியில் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்தது இந்திய இராணுவம்! தன் கட்டளையை ஏற்றுச் செத்தவனின் மய்யித்தைத் தன்னுடையது என்று சொல்லாத தலைமையைப் பற்றி வேறென்ன எழுதுவது?

பிரதமருக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்தேன் என்றார் முஷரப். எனக்குத் தெரியாது என்றார் ஷெரீப். அந்தப் பகை 1999 அக்டோபர் 12இல் வெடித்தது. இலங்கை இராணுவத்தின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு விருந்தினராகப் போயிருந்த முஷரப், கொழும்பிலிருந்து சாதாரணப் பயணிகள் விமானத்தில் கராச்சி திரும்பிக்கொண்டிருந்தார். அவர் வானத்தில் இருக்கும்போதே அவரைப் பதவி நீக்கினார் ஷெரீப். விமானத்தைக் கராச்சியில் இறங்க விடாதே என்று உத்தரவு போயிற்று. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. உள்ளே சுமார் இருநூறு உயிர்கள். அதற்குள் படைகள் தொலைக்காட்சி நிலையத்தையும் விமான நிலையத்தையும் கைப்பற்றிவிட்டன. வானத்தில் வேலை போனவர், தரையில் இறங்கும்போது நாட்டுக்கே எஜமானர்!

அன்றுதான் லாகூர்த் தெருக்களில் இனிப்பு வழங்கினார்கள். ஷெரீப் ஆட்சியில் வெறுத்துப் போயிருந்த மக்கள் அவர்கள். நம் டீக்கடைப் பேச்சின் சொந்தக்காரர்கள்தாம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

புதியவர் தம்மை அதிபர் என்று கூட முதலில் சொல்லிக்கொள்ளவில்லை. "தலைமை நிர்வாகி" என்றார், ஏதோ கம்பெனி நடத்துவதைப் போல. 2000 ஜனவரியில் நீதிபதிகளை அழைத்து, அரசியல் சட்டத்தின் பெயரால் அல்ல, தம்முடைய தற்காலிக உத்தரவின் பெயரால் புதிதாகப் பதவியேற்றுக்கொள்ளச் சொன்னார். தலைமை நீதிபதி சயீதுஸ்ஸமான் சித்தீக்கி முடியாது என்றார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இன்னும் ஐந்து பேர் முடியாது என்றார்கள். அத்தனை பேரும் வீட்டுக்குப் போனார்கள். சகோதரர்களே, அந்த ஆறு பேரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மீதமிருந்தவர்கள் பதவியேற்றார்கள். "அவசியத்தின் பொருட்டு" நடந்த காரியம் என்று அதே ஆண்டு மே மாதம் ஆட்சிக் கவிழ்ப்புக்கு மூன்றாண்டு அனுமதிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அன்று பதவியேற்றவர்களில் ஒருவர் இப்திகார் சவுத்ரி. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2001 ஜூனில் அதிபரானார். அடுத்த மாதம் ஆக்ராவுக்கு வந்தார். வரும் வழியில் டில்லியில் பிறந்த வீட்டையும் போய்ப் பார்த்தார். 2002 ஏப்ரலில் ஒரு கருத்துக்கணிப்பு வாக்கெடுப்பு நடத்தினார். எதிர்த்து நிற்க ஆள் இல்லை. ஆம் அல்லது இல்லை, இவ்வளவுதான். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் ஆம் என்றதாக அறிவிக்கப்பட்டது. இந்த மாதிரிக் கணக்கை நம் ஜமாஅத் தேர்தலில் யாராவது காட்டினால் நாம் விடுவோமா?

இனிச் சொல்லப் போவதை வியாபாரச் சகோதரர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். 2003 டிசம்பரில் அவருக்கு ஒரு தேவை வந்தது. தாம் செய்த மாற்றங்களை அரசியல் சட்டத்தில் சேர்க்க நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆறு மார்க்கக் கட்சிகளின் கூட்டணியிடம் போனார். வாக்களியுங்கள், 2004 டிசம்பர் 31க்குள் இராணுவச் சீருடையைக் கழற்றி விடுகிறேன் என்று உறுதி சொன்னார். தொலைக்காட்சியில் நாட்டு மக்களுக்கும் அறிவித்தார். ஆலிம்கள் நம்பினார்கள். வாக்களித்தார்கள். பதினேழாவது திருத்தம் நிறைவேறியது.

தேதி போட்ட காசோலை இது. தேதி வந்தது. காசோலை திரும்பி வந்தது! நாட்டு நலனுக்காகச் சீருடை தேவைப்படுகிறது என்று 2004 டிசம்பர் கடைசியில் தொலைக்காட்சியில் பேசி முடித்துவிட்டார். இரண்டு பதவியையும் வைத்துக்கொள்ள அதற்கு முன்பே தனிச் சட்டமும் போட்டாகிவிட்டது. பர்மா பஜாரில் ஒருவர் இப்படிச் செய்தால் மறுநாள் அவருக்குச் சரக்கு யார் கொடுப்பார்? கடைத்தெருவில் ஒரு முறை பொய்த்த வாக்குக்கு உள்ள தண்டனை, அரண்மனையில் இல்லாமல் போனது. மார்க்கக் கட்சிகளுக்கும் இதில் பங்கு உண்டு. அமானிதம் பற்றி மிம்பரில் பேசுகிறவர்கள், முதல் உறுதிமொழியையே முறித்து வந்தவரின் இரண்டாவது உறுதிமொழியை எதை வைத்து நம்பினார்கள்?

நல்லது எதுவுமே நடக்கவில்லையா என்றால், நடந்தது. 2003 நவம்பரில் கட்டுப்பாட்டுக் கோட்டில் போர் நிறுத்தம் வந்தது. 2005 ஏப்ரலில் ஸ்ரீநகருக்கும் முஸாபராபாத்துக்கும் பேருந்து ஓடியது. ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத குடும்பங்கள் கட்டியழுதன. தேசிய சபையில் பெண்களுக்கு அறுபது இடங்கள் ஒதுக்கப்பட்டன. தனியார் தொலைக்காட்சிகளுக்கும் வழி திறந்தார். இதையெல்லாம் மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் மறுபக்கத்தைக் கேளுங்கள். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்கா கேட்டதையெல்லாம் கொடுத்தார். நாடாளுமன்றம் ஏது, கேள்வி கேட்க? 2006இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலில் அவரே எழுதியிருக்கிறார்: பிடித்தவர்கள் 689 பேர், அமெரிக்காவிடம் ஒப்படைத்தவர்கள் 369 பேர், அதற்குச் சன்மானமாக வந்தது பல மில்லியன் டாலர். மனிதர்களை எண்ணி, விலை வாங்கி, அதைப் பெருமையாகப் புத்தகத்திலும் எழுத முடிந்திருக்கிறது! அவர்களில் குற்றவாளிகளும் இருந்திருக்கலாம். யார் குற்றவாளி என்று எந்த நீதிமன்றம் சொன்னது? காணாமல் போன கணவனின் படத்தை, மகனின் படத்தை மார்பில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பெண்கள் இஸ்லாமாபாத் வீதிகளில் நின்றார்கள்.

அந்தப் பெண்களின் மனுக்களைக் கையில் எடுத்த நீதிபதிதான் இப்திகார் சவுத்ரி. 2000இல் பதவியேற்றவர், 2005இல் முஷரப்பாலேயே தலைமை நீதிபதி ஆக்கப்பட்டவர். 2007 மார்ச் 9இல் அவரை ராவல்பிண்டிக்கு வரவழைத்தார் முஷரப். சீருடையில் உட்கார்ந்துகொண்டு, இராஜினாமா செய்யுங்கள் என்றார். மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். சவுத்ரி முடியாது என்றார்.

ஒரே ஒரு மனிதர் சொன்ன முடியாது! அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். நாடெங்கும் வழக்கறிஞர்கள் கறுப்புக் கோட்டோடு தெருவில் இறங்கினார்கள். மே மாதம் இஸ்லாமாபாத்திலிருந்து லாகூருக்குச் சவுத்ரி காரில் புறப்பட்டார். நான்கைந்து மணி நேரப் பாதை. மக்கள் வெள்ளத்தில் ஒரு நாள் முழுக்க ஆயிற்று. அதை நேரலையில் காட்டியவை எவை? முஷரப் வழி திறந்துவிட்ட அதே தனியார் தொலைக்காட்சிகள். ஒரு வாரம் கழித்து, மே 12இல், அவர் கராச்சிக்கு வந்தபோது தெருக்களில் துப்பாக்கிச் சூடு. நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். அன்று மாலை இஸ்லாமாபாத்தில் தம் ஆதரவாளர் கூட்டத்தில் கை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார் முஷரப். ஜூலையில் லால் மஸ்ஜித். உள்ளே ஆயுதம் ஏந்தியவர்கள் இருந்தார்கள், அவர்கள் செய்த அட்டூழியத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மாதக்கணக்கில் வளரவிட்டு, பிறகு பள்ளிவாசலுக்குள் கமாண்டோக்களை அனுப்பி முடித்த அந்த முடிவின் இரத்தம் பல ஆண்டுகள் அந்த நாட்டை விட்டு நீங்கவில்லை.

ஜூலை 20இல் உச்ச நீதிமன்றம் சவுத்ரியைத் திரும்ப அமர்த்தியது. நவம்பர் 3இல் முஷரப் அவசர நிலை அறிவித்தார். அரசியல் சட்டத்தை நிறுத்தி வைத்தார். மறுபடியும் புது உறுதிமொழி, மறுபடியும் புது உத்தரவு. 2000இல் மறுத்தவர்கள் உச்ச நீதிமன்றத்தில் ஆறு பேர். இந்த முறை உச்ச, உயர் நீதிமன்றங்களில் சுமார் அறுபது பேர் வெளியேற்றப்பட்டார்கள்! தோலைப் போன்றது என்று அவரே சொன்ன அந்தச் சீருடையை நவம்பர் 28இல் கண்கலங்கக் கழற்றினார். தேதி போட்ட நாளிலிருந்து ஏறக்குறைய மூன்று ஆண்டு தாமதம். கழற்றியதும் அவருக்கு ஒன்று விளங்கியிருக்கும்: அத்தனை சல்யூட்டும் சீருடைக்குத்தான். 2008 பிப்ரவரித் தேர்தலில் அவருடைய ஆதரவுக் கட்சி தோற்றது. ஆகஸ்ட் 18இல், பதவி நீக்கத் தீர்மானம் வருவதற்கு முன் இராஜினாமா செய்தார். பிறகு இலண்டன்.

2009 மார்ச்சில் டில்லியில் ஒரு கருத்தரங்குக்கு வந்தவர், இந்திய முஸ்லிம்களின் நிலை பற்றி அக்கறையோடு பேசினார். அவையில் இருந்த ஜம்இய்யத்துல் உலமா தலைவர்களில் ஒருவரான மௌலானா மஹ்மூத் மதனி எழுந்தார். எங்கள் பிரச்சினையை நாங்களே பார்த்துக்கொள்வோம், இந்த நாட்டு மக்களே எங்களோடு நிற்கிறார்கள், உங்கள் அறிவுரை எங்களுக்கு வேண்டாம் என்ற பொருளில் முகத்துக்கு நேரே சொன்னார். முஷரப் திணறிப் போனார். நம் தலைகள் நிமிர்ந்த நாள் அது.

அதன் பிறகுதான் அவர் முழு நேர அரசியல்வாதி ஆனார்! 2010 அக்டோபரில் இலண்டனில் கட்சி தொடங்கினார். அனைத்துப் பாகிஸ்தான் முஸ்லிம் லீக் என்று பெயர். முகநூலில் லட்சக்கணக்கானோர் பின்தொடர்வதை வாக்கு என்று எண்ணினார். 2013 மார்ச் 24இல் கராச்சியில் வந்து இறங்கினார். ஒரு காலத்தில் துப்பாக்கிகள் காத்திருந்த அதே கராச்சியில், இப்போது வரவேற்க வந்தவர்கள் ஆயிரம், இரண்டாயிரம் பேர். நான்கு தொகுதிகளில் மனுப் போட்டார். நான்கும் தள்ளுபடி. ஓட்டுச் சீட்டில் பெயர் வருவதற்கே அவரால் முடியவில்லை. நீதிமன்ற வளாகத்தில் ஒருவர் செருப்பை எறிந்தார். ஏப்ரலில் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் முன் ஜாமீனை ரத்து செய்ததும், மெய்க்காப்பாளர்களோடு காரில் ஏறிப் பறந்தார். மறுநாள் கைது. கட்சியோ அந்தத் தேர்தலில் தேசிய சபையில் பிடித்தது சித்ராலில் ஒரே ஓர் இடம்.

அந்தத் தேர்தலில் பிரதமர் ஆனவர் யார் தெரியுமா? நவாஸ் ஷெரீப்! 2007 நவம்பர் 3 செய்கைக்காக ஆறாவது பிரிவின் கீழ் தேசத் துரோக வழக்குத் தொடர்ந்தது அவருடைய அரசு. 1999க்காக அல்ல, அதற்குத்தான் நீதிபதிகள் அன்றே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்களே! 2014 மார்ச் 31இல் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. 2016 மார்ச்சில் சிகிச்சைக்கென்று துபாய் போனவர் உயிரோடு திரும்பவில்லை. 2019 டிசம்பர் 17இல் தனி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. தீர்ப்பெழுதியவர்களில் ஒரு நீதிபதி, அவர் முன்பே இறந்தால் உடலை இழுத்து வந்து மூன்று நாள் தொங்கவிட வேண்டும் என்று எழுதியதை நாம் ஏற்கவில்லை. மய்யித்தைச் சிதைப்பது நம் மார்க்கத்தில் இல்லை. அடுத்த மாதமே லாகூர் உயர் நீதிமன்றம் அந்தத் தனி நீதிமன்றமே செல்லாது என்றது.

2023 பிப்ரவரி 5இல் துபாயில், உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் அரிய நோயால் மௌத்தானார். கராச்சி இராணுவக் கபர்ஸ்தானில் அடக்கம் செய்தார்கள். இஸ்லாமாபாத்தில் செனட் சபை கூடியபோது, அவருக்காக ஃபாத்திஹா ஓதுவதா வேண்டாமா என்றே உறுப்பினர்களிடையே கூச்சல் எழுந்தது.

மேல்முறையீடு மட்டும் உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் கிடந்தது. தொடர்ந்து நடத்த விருப்பமா என்று கேட்க வாரிசுகளைத் தேடினார்கள்; பதில் இல்லை. 2024 ஜனவரி 10இல் நான்கு நீதிபதிகள் அமர்ந்து, இறந்து பதினொரு மாதமான அந்தத் தளபதிக்கு விதிக்கப்பட்ட தண்டனை சரியே என்று தீர்ப்பளித்தார்கள்.